விண்ணப்பக் கடிதத்தின் கடைசிப் பத்தி

போன வாரம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் பதில். மகள் பாப்பா வேலை கிடைத்து வெளியூர் போன நாளிலிருந்தே அங்கே அதுதான் நடந்துகொண்டிருந்தது. ஆபீசர் முன்னறையில் இருப்பார். அவர் மனைவி சமையலறையில் இருப்பாள், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் இருப்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் டிவி மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருக்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் ஒரு சின்ன மாற்றம். அவள் அவருடைய மேஜைக்கு வந்து ஒரு காகிதத்தை வைத்தாள். பறந்துவிடாமல் மூக்குக்கண்ணாடிக் கூட்டை அதன்மேல் தூக்கி வைத்தாள்.

"நேரம் கிடைச்சா இந்த விண்ணப்பத்தைக் கொஞ்சம் பார்த்துத் திருத்திக் கொடுங்க. நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள அனுப்பணும்."

நேரம் கிடைத்தால். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் அப்படிக் கேட்டுவிட்டுப் போனாள். அது குத்தலா, மரியாதையா என்று யோசித்துக்கொண்டே அவர் செய்தி பார்த்தார். காகிதத்தைப் பார்க்கவில்லை.

அவருக்கு ஆபீசர் என்று பெயர் வைத்தது உறவுக்காரர்கள். ஒரு பெரிய கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை அவர் இருந்தது ஆள் எடுக்கும் பிரிவில். மலைமலையாக விண்ணப்பங்கள் வரும். மேலே இருக்கும் கவரிங் லெட்டரை ஒரு நிமிஷம் பார்த்தால் போதும், உள்ளே இருப்பவரைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று அவருக்குத் தெரிந்துவிடும். அண்ணன் மகன், மச்சினன் மகள், பக்கத்து வீட்டுப் பெண் என்று எல்லாருடைய லெட்டரும் அவருடைய சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் போயிருக்கிறது. மனைவி மட்டும் இதுவரை எதையும் கொண்டுவந்து நீட்டியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர் எழுந்தபோது அவள் காலை ஷிப்டுக்குப் போயிருந்தாள். பிளாஸ்கில் டீ இருந்தது. வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை என்பதை பிரிட்ஜ் மட்டும் உறுமி உறுதிப்படுத்தியது. அவர் டம்ளரோடு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, பேனாவைத் திறந்தார்.

முதல் வரியிலேயே சிரிப்பு வந்தது. 'தங்கள் மேலான நிறுவனத்தில் பணியாற்றும் நல்வாய்ப்பை எனக்கு நல்கி...' பாப்பா இன்டர்நெட்டிலிருந்து எடுத்து அனுப்பியிருக்க வேண்டும். கடின உழைப்பாளி, சவால்களை விரும்புபவள், குழுவோடு இணைந்து செயல்படுபவள் என்று அடுத்தடுத்து வந்தது. அவர் பார்த்த அத்தனை ஆயிரம் லெட்டரிலும் தன்னைச் சோம்பேறி என்று சொல்லிக்கொண்டவர் ஒருவர்கூடக் கிடையாது. கை தானாகவே கோடு போட்டுக்கொண்டு போனது. இது வேண்டாம், இதுவும் வேண்டாம், இது எல்லாரும் எழுதுவது.

கடைசிப் பத்திக்கு வந்தபோது பேனா நின்றது.

'எனக்கு வீட்டில் பொறுப்புகள் எதுவும் இல்லை. ஆகையால் உடனடியாகத் தங்கள் ஊருக்கு வந்து தங்கி, பணியில் சேர முடியும்.'

அவர் லெட்டரின் தலைப்புக்குப் போய் முகவரியைப் பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரி. பெயர் கேள்விப்பட்டதுதான். ரயிலில் காலையில் ஏறினால் சாயங்காலம் போய் இறங்கும் தூரத்தில் இருக்கும் ஊர். இங்கேயே பக்கத்தில் எங்கோ நல்ல இடம் பார்க்கிறாள் என்று அவர் தாமாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

பத்தியைத் திரும்பப் படித்தார். மேலே இருந்ததெல்லாம் யாரோ எழுதியது. இது மட்டும் அவள் எழுதியது. நேராக, பூசாமல், தெளிவாக இருந்தது. ஆள் எடுக்கும் பிரிவில் உட்கார்ந்து பார்த்திருந்தால் அந்தப் பத்தியைத்தான் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார்.

பாப்பாவுக்குப் போன் செய்தார். இருபத்தைந்து வயதாகியும் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்தான். ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். அம்மா வெளியூருக்கு விண்ணப்பிப்பது அவளுக்கு ஒரு மாதமாகத் தெரியும் என்றாள். உங்களுக்கும் தெரியுமே என்றாள். அவர் இல்லை என்றார்.

"அம்மா உங்ககிட்ட சொன்னாங்களேப்பா. நீங்க டிவி பார்த்துக்கிட்டு இருந்தீங்களாம். 'ம்'னு சொன்னீங்களாம்."

சண்டை ஏதாவதா என்று பாப்பா கேட்டாள். சண்டையெல்லாம் இல்லை என்றார். அதுதான் உண்மை. சண்டை போட்டு எத்தனையோ வருஷமாகிறது. சண்டை போட இரண்டு பேர் ஒரே அறையில் இருக்க வேண்டும்.

போனை வைத்துவிட்டு ஒரு புதுத் தாளை எடுத்தார். எப்படியும் லெட்டரைத் திருத்திக் கொடுக்க வேண்டும், அது வேறு விஷயம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அடித்துப்போட்ட வரிகளுக்குப் பதிலாக நல்ல வரிகள் வேண்டும். அதற்கு அவர் மற்றவர்களுக்குச் சொல்லும் வழி ஒன்றுதான். உன்னைப் பற்றி எதுவும் சொல்லாதே, நீ செய்த ஒரு காரியத்தைச் சொல், படிக்கிறவன் மிச்சத்தைப் புரிந்துகொள்வான்.

'கடந்த பல வருடங்களாக' என்று எழுதினார். அதற்கு மேல் ஓடவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, அடுக்கி, நீராவி இயந்திரத்தில் வைத்துக் கிருமி நீக்கி அனுப்பும் அறைக்கு இன்சார்ஜ். அவ்வளவு தெரியும். அங்கே எல்லாரும் அவளை இன்சார்ஜம்மா என்று கூப்பிடுகிறார்கள் என்பது தெரியும். அவளுக்குக் கீழே எத்தனை பேர், எப்போது இன்சார்ஜ் ஆனாள், அங்கே ஒரு நாள் எப்படிப் போகும், எதுவும் தெரியாது. தினமும் சாயங்காலம் அவள் நெற்றியில் குறுக்கே சிவப்பாக ஒரு தடம் இருக்கும். அது எதனால் என்றுகூட அவர் கேட்டதில்லை.

முன்பின் தெரியாத பையனுக்கெல்லாம் லெட்டர் எழுதிக் கொடுத்த மனிதர், கூடவே வாழ்கிறவளுக்கு ஒரு வரி எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போயிருந்தது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டினார்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துக்கு அவர் வந்ததே இல்லை. மேலே இருக்கும் கூட்டமும் சத்தமும் அங்கே இல்லை. நீண்ட நடை, மேலே குழாய்கள், எங்கிருந்தோ ஆவி சீறும் ஓசை. தரையில் தடிமனாகச் சிவப்புக் கோடு ஒன்று போட்டிருந்தது. அதைத் தாண்டக்கூடாது என்று காவலாளி சொன்னார். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். இன்சார்ஜம்மாவை என்றதும் காவலாளி எழுந்து நின்றதை ஆபீசர் கவனித்தார்.

கண்ணாடிக்குப் பின்னால் அவளைப் பார்த்தார். தலையை இறுக்கிப் பிடித்த நீலத் தொப்பி, முகமூடி, கையுறை. ஒரு தட்டின் மேல் குனிந்து கத்தரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து விளக்குக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற பெண் ஏதோ சொல்ல, அவள் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள். முகமூடிக்கு உள்ளே இருந்ததால் அவருக்குச் சிரிப்பு தெரியவில்லை, குலுங்கல்தான் தெரிந்தது.

காவலாளி போய்ச் சொன்னதும் தொப்பியைக் கழற்றிக்கொண்டே ஓடிவந்தாள். நெற்றியில் அந்தச் சிவப்புத் தடம்.

"பாப்பாவுக்கு என்ன?"

"பாப்பா நல்லாத்தான் இருக்கா. லெட்டர் விஷயமா வந்தேன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டாள். பிறகு, லெட்டருக்காக இவ்வளவு தூரமா என்பது போல் அவரைப் பார்த்தாள். சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. சலவைத் துணி வண்டிகள் நிற்கும் மூலையில் ஒரு பெஞ்ச் இருந்தது. அதில் உட்கார்ந்தார்கள். அவர் சாப்பிடாமல் வந்திருப்பதை அவள் கேட்காமலே கண்டுபிடித்து, டப்பா மூடியில் பாதியைப் போட்டு நீட்டினாள்.

அவர் ஆபீஸில் கேட்பது போலவே கேட்க ஆரம்பித்தார். வேறு மாதிரி கேட்க அவருக்குத் தெரியாது. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், யார் பயிற்சி கொடுப்பது, ஒரு நாளைக்கு எத்தனை தட்டு போகும். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். முதலில் சங்கோஜமாகப் பதில் சொன்னவள், போகப் போக நிமிர்ந்து உட்கார்ந்தாள். புதுசாக வருகிறவர்களுக்கு முதல் வாரம் முழுக்கக் கழுவும் வேலைதான், கழுவத் தெரியாதவர் கையில் இயந்திரத்தைக் கொடுப்பதில்லை என்றாள். அழுக்கு இருந்தால் ஆவி உள்ளே போகாது என்றாள்.

"சரி. நீ இல்லாம வேற யாராவது இருந்திருந்தா நடந்திருக்காதுன்னு ஒரு காரியம் சொல்லு."

அவள் வெகுநேரம் யோசித்தாள். அப்படி ஒன்றும் இல்லை என்றாள். பிறகு, ஒன்று இருக்கிறது, ஆனால் அது லெட்டரில் எழுதுகிற விஷயம் இல்லை, மானம் போன விஷயம் என்றாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது. ஒவ்வொரு தட்டுக்கு உள்ளேயும் ஒரு சோதனைப் பட்டை வைப்பார்கள். ஆவி சரியாகப் போயிருந்தால் அது முழுதாகக் கறுத்திருக்க வேண்டும். அன்றைக்கு ஒரு தட்டில் பட்டை ஓரத்தில் கொஞ்சம் வெளுப்பாகவே இருந்தது. நகக்கண் அளவுதான். அவள் அந்த முறை இயந்திரத்திலிருந்து வெளியே வந்த எல்லாத் தட்டுகளையும் நிறுத்திவிட்டாள். மேலே ஆபரேஷன்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயின. வெறும் வயிற்றோடு காத்திருந்த நோயாளிகளின் வீட்டார் கீழ்த்தளத்துக்கே வந்து சத்தம் போட்டார்கள். அந்தச் சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் அவர்கள், அந்தப் பக்கம் இவள்.

ஆபீசர் கேட்டார்: "இயந்திரத்துல கோளாறா?"

"இல்லை. அதுதான் விஷயம். எல்லாச் சோதனையும் செஞ்சு பார்த்தாங்க. இயந்திரம் நல்லாத்தான் இருந்துச்சு. அந்தப் பட்டைதான் ஈரம் பட்டுக் கெட்டுப்போயிருந்துச்சு. தட்டுங்க எல்லாம் சுத்தமா இருந்துச்சு. நான் சும்மா நிறுத்திட்டேன்."

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கூட வேலை செய்கிறவர்களே கொஞ்ச நாள் அவளைப் பார்த்தால் பட்டை பட்டை என்று கேலி செய்தார்கள்.

"இப்போ அதே மாதிரி ஒரு பட்டை வந்தா?"

"நிறுத்துவேன்."

யோசிக்காமல் சொன்னாள். குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. ஆபீசர் பேனாவை மூடினார். தேடி வந்தது கிடைத்தால் ஆபீஸிலும் அவர் அப்படித்தான் செய்வார்.

"இதை என்கிட்ட சொல்லவே இல்லையே நீ."

"அன்னிக்குச் சாயந்திரமே சொன்னேங்க. வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே சொல்ல ஆரம்பிச்சேன். நீங்க, முதல்ல சாப்பாடு எடுத்து வை, அப்புறம் கேக்கறேன்னீங்க." மூடியில் ஒட்டியிருந்ததை வழித்து ஓரமாகத் தள்ளினாள். "அப்புறம் நானும் சொல்லலை."

அதில் கோபம் இல்லை. துணி வண்டி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது. அது போய் மறையும் வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் எழுத ஆரம்பித்தார். அவள் வேண்டாம் என்றாள், மெமோ வாங்கினதை யாராவது தானே போய்ச் சொல்வார்களா என்றாள். அவர் தலை நிமிராமல், நூறு லெட்டர் படித்துக் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிற மத்தியானத்தில் இந்த ஒரு லெட்டரைத்தான் தனியாக எடுத்து வைப்பேன் என்றார். எழுதி முடித்து அவளிடம் கொடுத்தார். அவள் வாய்க்குள் படித்தாள்.

'ஒரு நாள் காலை, கிருமி நீக்கிய தட்டு ஒன்றில் சோதனைப் பட்டை முழுதாக நிறம் மாறவில்லை. அந்த முறை வந்த எல்லாத் தட்டுகளையும் நிறுத்தினேன். ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. பிறகு பட்டைதான் பழுது, தட்டுகள் சுத்தம் என்று தெரிந்தது. என்னிடம் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். நாளை அதே போன்ற பட்டையைப் பார்த்தாலும் அதையேதான் செய்வேன். உங்கள் கிருமி நீக்கும் பிரிவுக்குப் பொறுப்பாளர் வேண்டும் என்று விளம்பரத்தில் படித்தேன். அந்தப் பொறுப்பை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்.'

படித்து முடித்தும் தாளைக் கீழே வைக்கவில்லை. தன்னைப் பற்றி யாராவது இப்படி எழுதி அவள் பார்த்ததில்லை. கண்ணைத் துடைக்கக் கை மேலே போனது. கை கழுவவில்லை என்று ஞாபகம் வந்து, தோளாலேயே துடைத்துக்கொண்டாள்.

பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"கடைசியில நான் எழுதின பத்தி எங்கே?"

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

"கேக்காத கேள்விக்கு லெட்டர்ல பதில் சொல்லக்கூடாது. வீட்டைப் பத்தி அவங்க கேக்கலை."

அவள் அவரை நேராகப் பார்த்தாள். "இது உங்க ஆபீஸ் விதியா, உங்க விருப்பமா?"

பொய் சொல்ல நல்ல இடம் அது. அவர் சொல்லவில்லை.

"ரெண்டும்தான்."

"அதுல பொய் ஒண்ணும் இல்லையேங்க."

"இல்லை," என்றார் அவர். "பொய்னு நான் சொல்லலை."

பிறகு அவரே தாளை வாங்கி, கடைசியில் ஒரு வரி சேர்த்தார். 'நான் பணியில் சேரக்கூடிய தேதி' என்று எழுதி, அதற்குப் பிறகு இடம் விட்டு, பேனாவை அவளிடம் நீட்டினார். அந்த ஊருக்கு வருவாள் என்று தெரிய அவ்வளவு போதும், மற்றதெல்லாம் அவர்களுக்கு வேண்டாத சங்கதி என்றார். அவள் விரல்களால் எதையோ கணக்குப் பார்த்து, அடுத்த மாதம் முதல் தேதியை எழுதினாள். அவர் எதிர்பார்த்ததைவிட அது பக்கத்தில் இருந்தது.

ஸ்டோர் கிளார்க் தன் கம்ப்யூட்டரை விட்டுக் கொடுத்தார். ஆபீசர் இரண்டு விரலால் தட்டி முடித்தார். தொடர்புக்கு அவருடைய நம்பரையே போடச் சொன்னாள், சிவப்புக் கோட்டுக்கு உள்ளே போன் கொண்டுபோக முடியாது என்று. அனுப்பும் பொத்தானை அவளையே அழுத்தச் சொன்னார். அழுத்தினாள். அனுப்பியாகிவிட்டது என்று திரை சொன்னது. தொப்பியை மாட்டிக்கொண்டு, பார்த்துப் போங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் நடந்தே வீட்டுக்கு வந்தார். டிவியைப் போடவில்லை. போடாத டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. பாப்பாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. சமையலறையில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அது எத்தனை நாளாகச் சொட்டுகிறதோ. எழுந்து போய் இறுக்கிப் பார்த்தார். நிற்கவில்லை.

அவள் வந்ததும் வழக்கம் போல் துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். அப்போதுதான் போன் அடித்தது. தெரியாத நம்பர். பேசியது ஒரு பெண், சின்ன வயசுக் குரல். அந்த ஆஸ்பத்திரியிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். இன்சார்ஜம்மாவின் பெயரைச் சொல்லி, வீட்டில் இருக்கிறார்களா என்று கேட்டாள். நீங்க யார் சார் என்று கேட்டாள்.

அவர் சொன்னார்.

லெட்டர் வந்தது, அதைப் படித்த பெரிய டாக்டர் உடனே கூப்பிடச் சொன்னார் என்றாள் அந்தப் பெண். அந்தப் பதவி ரொம்ப நாளாகக் காலியாகக் கிடக்கிறது, திங்கட்கிழமை நேரில் வர முடியுமா என்றாள். அந்தப் பட்டை விஷயத்தை டாக்டர் நேரிலேயே கேட்க வேண்டுமாம். ஆபீசருக்குப் பெருமையாக இருந்தது. எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறார், அன்றைக்கே கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

"இன்னொண்ணு சார், கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. அவங்க இங்க வந்து தங்கி வேலை பார்க்கணும். வீட்டுல உங்களுக்கு ஆட்சேபம் ஒண்ணும் இல்லையே?"

மாடியில் அவள் துணி உதறும் சத்தம் கேட்டது. ஒரு முறை, இரண்டு முறை. ஆட்சேபம் என்று சொல்ல வேண்டியதுகூட இல்லை. யோசித்துச் சொல்கிறோம் என்றால் போதும். இந்த மாதிரிப் போன்களை அவரே பேசியிருக்கிறார். யோசித்துச் சொல்கிறோம் என்கிறவர்களை யாரும் இரண்டாவது தடவை கூப்பிடுவதில்லை. அவளுக்கும் தெரியப்போவதில்லை.

"முடிவு பண்ண வேண்டியது அவங்கதாம்மா," என்றார். "லெட்டர்ல தேதி போட்டிருக்காங்க பாருங்க. அந்தத் தேதிக்கு வருவாங்க. இருங்க, கூப்பிடறேன்."

படி ஏறும்போது முழங்கால் வலித்தது. அவள் கை நிறையத் துணியோடு திரும்பினாள். துணியை அவர் வாங்கிக்கொண்டார், போனை அவள் வாங்கிக்கொண்டாள். மாடி ஓரத்துக்குப் போய் முதுகைக் காட்டி நின்று பேசினாள். நடுவில் ஒரு தடவை சிரித்தாள். இந்தத் தடவை முகமூடி இல்லை. சிரிப்பு அவருக்கு முழுசாகக் கேட்டது.

கீழே வந்ததும் ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலுக்கு டிக்கெட் போட வேண்டும் என்றாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் திறந்தார். கூட வரட்டுமா என்று கேட்க நினைத்தார். மதியம் பெஞ்சில் உட்கார்ந்து அவ்வளவு கேள்வி கேட்ட வாய்க்கு, இதைக் கேட்க வரவில்லை. அவள் துணியை மடித்துக்கொண்டே, தனியாகத்தான் போகப் போகிறேன், ஜன்னலோரமாகப் பாருங்கள் என்றாள். அவளுக்கு ஜன்னலோரம் பிடிக்கும் என்பது அவருக்குப் புதுச் செய்தி. சேர்ந்து போன பயணங்களில் எல்லாம் அங்கே அவர்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஜன்னலோரம் கிடைத்தது. போட்டார்.

"திரும்பி வர்றதுக்கு எந்த நாள் போடட்டும்?"

அவள் அவருடைய சட்டை ஒன்றை மடித்து, மடிப்பு நேராக இல்லை என்று பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

"அது இப்போ வேண்டாம்," என்றாள். "போயிட்டுச் சொல்றேன்."